சின்னக் காவல் கட்டிடத்தைப் படிப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரிய கோட்டைக்குப் போனால் வாசலிலேயே விளக்கப் பலகை இருக்கும், கூட்டிப்போய்ச் சொல்ல ஆளும் கிடைப்பார். வயல் ஓரத்தில் புதர் மண்டிக் கிடக்கிற கான்கிரீட் பெட்டிக்கு அப்படி யாரும் கிடையாது. கடற்கரையில் தனியாக நிற்கும் உருண்டைக் கோபுரம், மலைக் கிராமத்தில் வீட்டோடு ஒட்டி எழுந்த கல் கோபுரம், ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் பாதி மண்ணுக்குள் இறங்கிய பங்கர், இவற்றையெல்லாம் பெரும்பாலோர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. பெரிய கோட்டையில் பாதுகாப்பு பாதி, அரசரின் பெருமை பாதி. சின்ன அரண்களில் வீணாக வைத்த கல்லைப் பார்ப்பது அபூர்வம். ஒவ்வொரு துளைக்கும் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கும். அதை நாமே நின்று கண்டுபிடிக்கலாம்.

அதற்கு மூன்று கேள்விகள் போதும். யாரை நினைத்துக் கட்டினார்கள்? அவர்கள் கையில் என்ன ஆயுதம்? எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தால் போதும்? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இந்தச் சின்னக் கட்டிடங்கள் தனியாக நின்று எதிரியைத் தோற்கடிப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. உதவி வந்து சேரும்வரை, அல்லது வந்தவன் அலுத்துத் திரும்பும்வரை, உள்ளே இருப்பவர்கள் உயிரோடு இருக்க வேண்டும். சில இடங்களில் அது ஒரே ஒரு இரவு. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால், குறை என்று முதலில் தோன்றுவது பலவும் கணக்குப் பார்த்துச் செய்தது என்று புரியும்.

முதல் படி: எந்தக் குடும்பம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

உலகம் முழுக்க விதவிதமாக இருந்தாலும், புதிதாகப் பார்ப்பவர் நான்கு குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, வீடே அரணாக இருப்பது. ஜார்ஜியா நாட்டின் சுவானேத்தி மலைப்பகுதியில் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டோடு சேர்த்து மூன்று முதல் ஐந்து மாடிக் கல் கோபுரம் ஒன்றை எழுப்பியது. உஷ்குலியில் உள்ள சஜாஷி என்ற ஊர் இந்தக் கோபுரங்களுக்காகவே 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கிரேக்கத்தின் மானி பகுதியிலும் இதே கதைதான்: வம்சப் பகை. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவிலிருந்த எல்லைப் பகுதியில் மாடு திருட வரும் கும்பலுக்குப் பயந்து 'பாஸில்' என்ற கல்வீடுகளைக் கட்டினார்கள். கீழே மாடுகள், மேலே மனிதர்கள். சீனாவின் கைப்பிங்கில் வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதித்தவர்கள் அனுப்பிய பணத்தில், கொள்ளையர்களிடமிருந்து தப்பிக்க 'தியாவ்லோ' என்ற உயரமான கோபுர வீடுகள் எழுந்தன. இன்றும் 1,800க்கு மேல் நிற்கின்றன. இவற்றின் உச்சியில் மட்டும் வளைவுகளும் தூண்களுமாக அலங்காரம் நிறையவே இருக்கும். கீழ்ப்பகுதியோ மொட்டைச் சுவர், இரும்புக் கதவு, சின்னச் சின்ன ஜன்னல்.

இரண்டாவது, கடற்கரைப் பீரங்கிக் கோபுரம். மார்ட்டெல்லோ கோபுரங்கள்தான் இதில் பேர்போனவை. 1794இல் கோர்சிகா தீவின் மோர்ட்டெல்லா முனையில் ஒரு சின்னக் கோபுரத்தை இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சுட்டுப் பார்த்தன. ஒன்றில் 74 பீரங்கி, இன்னொன்றில் 32. கோபுரத்தில் இருந்தது மூன்றே மூன்று. ஆனாலும் பின்வாங்கியது கப்பல்கள்தான். பிறகு தரைவழியாகப் போய்த்தான் அதைப் பிடிக்க முடிந்தது. அடி வாங்கிய பிரிட்டிஷார் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டு, நெப்போலியன் படையெடுத்து வருவார் என்ற பயத்தில் 1805இலிருந்து தங்கள் தெற்குக் கரையில் 74, அப்புறம் கிழக்குக் கரையில் 29 என்று வரிசையாகக் கட்டினார்கள். பெயர்கூட 'மோர்ட்டெல்லா' திரிந்து வந்ததுதான்.

மூன்றாவது, பிளாக்ஹவுஸ், அதாவது சின்னக் காவல்வீடு. வட அமெரிக்காவில் பருத்த மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியவை. கனடாவின் வின்ட்சர் ஊரில் 1750இல் எழுந்த ஒன்று இன்னமும் நிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1900 முதல் 1902 வரை, டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களோடு நடந்த போயர் போரின்போது பிரிட்டிஷ் படை சுமார் 8,000 பிளாக்ஹவுஸ்களை நட்டது. அதில் பெரும்பாலானவை நெளித்தகரத்தால் ஆனவை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான்காவது, கான்கிரீட் பங்கர், அதாவது பில்பாக்ஸ். முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் சமவெளியில் ஜெர்மானியர் இவற்றைத் தரைக்கு மேலேயே கட்டினார்கள். அங்கே கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும், ஆழமாகக் குழி வெட்டிப் பதுங்க வழியில்லை. 1940இல் பிரிட்டன் இப்படிச் சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கில் கட்டியது. அல்பேனியாவில் கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜா ஆட்சியில் எழுந்தவை 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். காளான் குடை போல மலைச்சரிவெங்கும் முளைத்து நிற்கும்.

இரண்டாம் படி: கிளம்பும் முன்

நிலம் யாருடையது என்று கேட்டு அனுமதி வாங்குங்கள். பல பங்கர்கள் தனியார் வயலுக்குள் இருக்கின்றன. கையில் டார்ச் இரண்டு, அளவு டேப், திசைகாட்டி, குறிப்பேடு, அடி கெட்டியான ஷூ. முடிந்தால் ஒரு நண்பர். நண்பர் துணைக்கு மட்டுமல்ல, ஆறாம் படியில் அவருக்கு ஒரு வேலை இருக்கிறது.

வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று ஒரு பத்து நிமிடம் பாருங்கள். பாலம், ரயில் பாதை, படகு ஒதுங்கும் கரை, மலைக் கணவாய். சின்ன அரண் எதையாவது காத்துக்கொண்டு நிற்கும். அது எது என்று ஒரு ஊகத்தை எழுதி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். தப்பாகப் போனாலும் பரவாயில்லை.

மூன்றாம் படி: எதிரி வரும் பக்கத்திலிருந்து வாருங்கள்

நேராக வாசலுக்குப் போகாதீர்கள். வாசல் பொதுவாக நண்பர்கள் இருக்கும் பக்கம்தான் வைத்திருப்பார்கள். கொஞ்சம் சுற்றிப் போய், தாக்க வருபவர் எங்கிருந்து வந்திருப்பாரோ அங்கிருந்து கட்டிடத்தை நோக்கி நடந்து வாருங்கள். எந்த இடத்தில் அது உங்கள் கண்ணில் படுகிறது? எந்த இடத்தில் அதன் துளைகள் உங்களைப் பார்க்கத் தொடங்குகின்றன? ஒதுங்க ஒரு மரம், ஒரு பள்ளம் உண்டா? இன்றைய மரங்கள் அன்று இருந்திருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். சுடுவதற்கு வசதியாகச் சுற்றுவட்டாரத்தை வெட்டிச் சுத்தமாக வைத்திருப்பது வழக்கம்.

இப்படி முதன்முதலாக ஒரு அறுகோணப் பங்கரை நோக்கி நடந்தபோது, முப்பதடி தூரம் வரும்வரை அது எனக்குத் தெரியவே இல்லை. மேலே மண்ணும் புல்லும். திடீரென்று புல்லுக்கு நடுவில் ஒரு கறுப்புக் கோடு, நேராக என்னைப் பார்த்துக்கொண்டு. அந்த நொடியில் புரிந்தது எத்தனை பலகை படித்தாலும் புரிந்திருக்காது.

நான்காம் படி: கதவைப் பாருங்கள்

எந்த அரணிலும் பலவீனமான இடம் கதவுதான். கட்டியவருக்கும் அது தெரியும். அதனால் அவர் மூளை அங்கேதான் அதிகம் வேலை செய்திருக்கும்.

மார்ட்டெல்லோ கோபுரத்தில் கதவு தரையிலிருந்து சுமார் 3 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஏணியை உள்ளே இழுத்துக்கொண்டால் சரி, வாசலே இல்லை. சுவானேத்திக் கோபுரத்திலும் மாடிக்கு மாடி ஏணிதான். ஒவ்வொரு மாடியாகப் பின்வாங்கிக்கொண்டே ஏணியை மேலே தூக்கிவிடலாம். பாஸில் வீடுகளில் மாட்டுக் கொட்டிலின் கதவு தரையில்தான் இருந்தாக வேண்டும், மாடு ஏணியில் ஏறாதே. வருகிற கும்பல் அந்தக் கதவுக்குத்தான் தீ வைக்கும். அதனால் சில வீடுகளில் கதவுக்கு நேர் மேலே, சுவருக்குள் சாய்வாக ஒரு சின்னத் துளை விட்டிருக்கிறார்கள். மாடியில் இருப்பவர் குடத்துத் தண்ணீரை அதில் ஊற்றினால் எரியும் கதவின் மேலேயே கொட்டும். அண்ணாந்து பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வாய், அவ்வளவுதான். தெரியாதவர் ஒரு கல் பெயர்ந்த ஓட்டை என்று நினைத்துவிடுவார்.

1940இன் பிரிட்டிஷ் பங்கர்களில் அதிகம் காணப்படும் 24ஆம் வகைக்கு ஆறு பக்கம். ஆனால் பின்சுவர் மட்டும் மற்றவற்றைவிட நீளம். கதவு அதில்தான். கதவுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு சின்னத் துளை, யாராவது பின்னால் வந்துவிட்டால் சுடுவதற்கு. உள்ளே நின்று, அந்தப் பின்சுவருக்கு முதுகு காட்டித் திசைகாட்டியைப் பிடியுங்கள். எதிரி எந்தத் திசையிலிருந்து வருவான் என்று அன்று நினைத்தார்களோ, முள் கிட்டத்தட்ட அதைச் சொல்லிவிடும்.

ஐந்தாம் படி: சுவரை அளந்து பாருங்கள்

சுவரின் கனத்தை அளக்கச் சுலபமான வழி, ஏதாவது ஒரு துளைக்குள் டேப்பை நீட்டுவதுதான். 30 சென்டிமீட்டர் கான்கிரீட் என்றால் துப்பாக்கிக் குண்டை மட்டும் நினைத்துக் கட்டியது. ஒரு மீட்டரைத் தொட்டால் பீரங்கிக் குண்டையும் யோசித்திருக்கிறார்கள். ஆயுதம் என்ன என்ற கேள்விக்கு டேப்பே பதில் சொல்லிவிடுகிறது.

எல்லாப் பக்கமும் அளக்க மறக்காதீர்கள். மார்ட்டெல்லோ கோபுரம் வெளியிலிருந்து பார்த்தால் உருண்டை. ஆனால் பல கோபுரங்களில் கடல் பக்கச் சுவர் 4 மீட்டர் வரை தடித்து, ஊர்ப் பக்கம் அதில் பாதிதான் இருக்கும். கப்பலிலிருந்துதானே குண்டு வரும். இவ்வளவு கெட்டியான சுவரும் ஐம்பது ஆண்டுகளில் பழசாகிவிட்டது. குழாயின் உட்புறம் மரைவெட்டிய புதுப் பீரங்கிகள் வந்ததும், 1860இல் பிரிட்டிஷார் தங்கள் கோபுரம் ஒன்றையே சுட்டுச் சோதித்து நொறுக்கிப் பார்த்துக்கொண்டார்கள்.

கனம் மட்டுமே பலம் அல்ல என்பதற்கு நான் முன்பு சொன்ன தகரக் காவல்வீடு நல்ல உதாரணம். பிரிட்டிஷ் படைப் பொறியாளர் மேஜர் ரைஸ் வடிவமைத்தது. நெளித்தகரத்தில் வட்டமாக இரண்டு சுவர், நடுவில் ஒரு சாண்கூட இல்லாத இடைவெளி, அதில் நிறையக் கூழாங்கல் ஜல்லி. குண்டு தகரத்தைத் துளைத்து உள்ளே போகும், கல்லில் மோதி வேகம் செத்துவிடும். எதிரிகளான போயர்களிடம் அந்தக் கட்டத்தில் பீரங்கி அநேகமாக இல்லை. அதனால் இதுவே போதும். கல்லில் கட்டினால் மாதக்கணக்கில் ஆகும் வேலை, இதில் மிகச் சீக்கிரம் முடிந்துவிடும்.

கான்கிரீட் பங்கராக இருந்தால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துச் சாய்வாக வெளிச்சம் அடியுங்கள். சென்ட்ரிங் பலகையின் ரேகைகள், முடிச்சுகள், ஆணித் தலைகள்கூட அப்படியே அச்சாகியிருப்பது தெரியும். பலகை ரேகைக்குப் பதில் செங்கல் தெரிந்தால், செங்கல்லையே அச்சாக வைத்து உள்ளே கான்கிரீட்டைக் கொட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஆறாம் படி: துளைகள்

இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள். வந்த நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம்.

செங்குத்தாக நீண்ட ஒடுங்கிய கீறல் என்றால் பெரும்பாலும் வில்லுக்கு. வட்டமாக, அல்லது சாவித்துவாரம் போல அடியில் வட்டம் சேர்ந்திருந்தால் துப்பாக்கி வந்த பிறகானது. படுக்கைவாட்டில் அகலமாக இருந்தால் இயந்திரத் துப்பாக்கியை இடமும் வலமும் திருப்புவதற்கு. பழைய அம்புத் துளைக்குப் பக்கத்திலேயே புதிதாக வெட்டிய வட்டத் துளை இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கட்டிடம் காலத்தோடு மாறியதற்கு அது கண்கூடான சாட்சி.

அடுத்து, துளையின் பக்கச் சுவர்கள் எந்தப் பக்கம் விரிகின்றன என்று பாருங்கள். கல் கோபுரத்தில் வெளியே ஒடுங்கி உள்ளே விரியும். வில்லாளி உள்ளே நின்றபடி இடம் வலம் நகர்ந்து குறிபார்க்க அது வசதி, வெளியே இருப்பவனுக்கோ விரல் அகலம்தான் இலக்கு. சில பங்கர்களில் வெளிப்பக்கம் விரியும். அப்படி விரிந்தால் ஒரு ஆபத்து இருக்கிறது: புனல் போல, பக்கத்தில் பட்ட குண்டும் வழுக்கி உள்ளேயே வந்துவிடும். அதற்காகத்தான் அந்தச் சரிவைப் படிப்படியாக வெட்டியிருப்பார்கள். குண்டு படியின் முகத்தில் முட்டி நின்றுவிடும். அந்தப் படிகளை விரலால் தடவிப் பாருங்கள், சில இடங்களில் முனை சிதைந்திருக்கும். உள்ளே அறையின் நடுவில் ஒரு குட்டைச் சுவர் இருந்தால் அதற்கும் இதே காரணம்தான். ஒரு துளை வழியாக வந்த குண்டு எதிர்ச்சுவரில் பட்டுத் தெறித்து அடுத்த ஆளைத் தாக்கக்கூடாது.

இப்போது நண்பருக்கு வேலை. நீங்கள் துளையில் கண்ணை வையுங்கள். அவர் தொலைவிலிருந்து கட்டிடத்தை நோக்கி மெதுவாக நடந்து வரட்டும். ஒரு கட்டத்தில் முதலில் கால் மறையும், அப்புறம் இடுப்பு, கடைசியில் ஆளே காணாமல் போவார். அங்கேயே நிற்கச் சொல்லி, சுவரிலிருந்து தூரத்தை அளந்துகொள்ளுங்கள். துளைகளுக்கு எட்டாத நிலம் அது. எதிரி அங்கே வந்து ஒட்டிக்கொண்டால் சுட முடியாது, வெடி வைக்கலாம், தீ வைக்கலாம்.

இதற்குக் கட்டியவர் என்ன விடை வைத்தார் என்று தேடுங்கள். அமெரிக்க மரக் காவல்வீட்டில் மேல்மாடி வெளியே துருத்தி நிற்கும், அதன் தரையில் கீழ்நோக்கித் துளைகள். கைப்பிங் கோபுரங்களில் மேல் மூலைகளில் கூடு போன்ற மாடங்கள் தொங்கும், உள்ளூரில் அதற்குப் பெயரே 'தகைவிலான் குருவிக் கூடு'தான். அதிலிருந்து நேர் கீழே சுடலாம். சுவானேத்திக் கோபுரங்களின் உச்சியிலும் இதே போல வெளியே நீண்ட விளிம்பு உண்டு. எந்த விடையும் தெரியவில்லை என்றால் விடை பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கிறது. அது எட்டாம் படி.

ஏழாம் படி: உள்ளே வாழ்ந்தவர்களைத் தேடுங்கள்

தண்ணீர் எங்கே வைத்தார்கள்? புகை எப்படி வெளியேறியது? வெடிமருந்து எங்கே? மார்ட்டெல்லோவில் அடித்தளம் மருந்துக்கும் சாமான்களுக்கும், நடுத்தளம் ஒரு அதிகாரிக்கும் இருபது பேர் அளவிலான வீரர்களுக்கும், மொட்டைமாடி நாலாபக்கமும் சுழலும் பீரங்கிக்கும். கணப்பு அடுப்பும் இருந்தால் அங்கே வாரக்கணக்கில் ஆள் தங்கியிருக்கிறார். அல்பேனியாவின் சின்னக் குவிமாடப் பங்கரில் ஒருவரோ இருவரோதான் நிற்கலாம், படுக்க இடமே கிடையாது. எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

சுழல் படிக்கட்டு இருந்தால், வலக்கைக்காரர் மேலிருந்து வாள் வீச வசதியாக வலஞ்சுழியாகக் கட்டினார்கள் என்று யாராவது சொல்வார்கள். அப்படியே நம்பிவிடாதீர்கள். இடஞ்சுழிப் படிகளும் பழைய கோபுரங்களில் இருக்கின்றன. எந்தப் பக்கம் சுழல்கிறது என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: பக்கத்துக் கட்டிடத்தைத் தேடுங்கள்

சின்ன அரண் பெரும்பாலும் தனியாள் இல்லை. மாடியிலோ மேட்டிலோ ஏறி நாலாபக்கமும் பாருங்கள். மார்ட்டெல்லோ வரிசையில் ஒரு கோபுரத்திலிருந்து அடுத்தது தெரியும், இரண்டின் பீரங்கிகளும் நடுவிலிருக்கும் கரையைப் பங்குபோட்டுக் காக்கும். போயர் போரின் தகர வீடுகளுக்கு இடையே முள்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் ஓடின. கைப்பிங்கில் 1922இல் கொள்ளையர்கள் ஒரு பள்ளிக்கூடத்தைத் தாக்கித் தலைமையாசிரியரையும் மாணவர்களையும் பிடித்துக்கொண்டு போனபோது, வழியிலிருந்த ஒரு கோபுரத்தின் தேடுவிளக்கு அவர்களைக் காட்டிக்கொடுத்தது. ஊர்க்காரர்கள் மறித்து மீட்டார்கள். அந்த இரவில் கோபுரம் செய்த பெரிய வேலை, பார்த்துச் சொன்னதுதான்.

ஒன்பதாம் படி: ஆபத்துகள்

இதைக் கண்டிப்பாகப் படியுங்கள். பங்கருக்குள் தரை சமமாக இருக்காது, தேங்கிய தண்ணீருக்குக் கீழே குழி இருக்கலாம். கூரையிலிருந்து துருப்பிடித்த கம்பிகள் தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மர மாடி இற்றுப்போயிருந்தால் ஏறவே வேண்டாம். தனியாக உள்ளே போகாதீர்கள், வெளியே ஒருவர் நிற்கட்டும். வௌவால் தூங்கினால் சத்தம் போடாமல் வெளியே வந்துவிடுங்கள், பிரிட்டன் போன்ற நாடுகளில் அவற்றைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம். குண்டு, தோட்டா போல உலோகத்தில் எது கிடந்தாலும் தொடக்கூடாது, காலால் தள்ளவும் கூடாது. இடத்தைக் குறித்துக்கொண்டு காவல்துறைக்குச் சொல்லுங்கள். நூறாண்டு பழைய குண்டும் வெடிக்கும்.

பத்தாம் படி: எழுதி வையுங்கள்

பிரிட்டனில் 1995 முதல் 2002 வரை தன்னார்வலர்கள் ஊர் ஊராக அலைந்து கிட்டத்தட்ட 20,000 பாதுகாப்புக் கட்டிடங்களைப் பதிவு செய்தார்கள். அவர்கள் கையிலும் டேப்பும் குறிப்பேடும்தான். நீங்களும் ஒரு பக்கத்துக்கு இதை எழுதினால் போதும்: இடம், தேதி, வாசல் எந்தத் திசை, சுவர் கனம் ஒவ்வொரு பக்கமும், துளை எத்தனை, தரையிலிருந்து துளையின் உயரம், நண்பர் மறைந்த தூரம். தலைக்கு மேலிருந்து பார்ப்பது போல ஒரு கோட்டுப்படம், அழகாக இருக்க வேண்டியதில்லை. படம் எடுக்கும்போது அளவு தெரிய டேப்பைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். சுவரில் பழைய பென்சில் எழுத்து, கீறிய பெயர் இருந்தால் அதற்குத் தனிப் படம்.

கிளம்பும் முன் வீட்டில் எழுதிய ஊகத்தை எடுத்து, அங்கேயே நின்று திருத்துங்கள். அதற்குக் கீழே, மாடியிலிருந்து தெரிந்த அடுத்த கோபுரத்தின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அங்கிருந்து தொடங்கலாம்.